முட்டிவலிக்கு ஏற்ற ஊர்: சவானாவில் இரண்டு நாள்

அப்பா அட்லாண்டாவுக்கு வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. பாபநாசம் பக்கத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கே வயலைப் பார்க்கக் கிளம்பிவிடுகிற மனிதர். இங்கே சன்னலோரம் உட்கார்ந்து தெருவில் குப்பை வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்காவது கூட்டிப் போகலாம் என்றால் முட்டிவலி. ஐந்து நிமிடம் நடந்தால் பத்து நிமிடம் உட்கார வேண்டும். நயாகரா, நியூயார்க் எல்லாம் நடக்கிற காரியம் இல்லை. அப்போது மனைவிதான் இதே ஜார்ஜியா மாநிலத்தில் ஆற்றங்கரையில் இருக்கும் சவானாவைச் சொன்னாள். "அந்த ஊர்ல ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு பெஞ்ச் இருக்கு. மாமாவுக்கு அதுதான் சரி."

மார்ச் முதல் வாரம், வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பினோம். மேக்கன் வரை ஐ-75 நெடுஞ்சாலை, அங்கிருந்து ஐ-16. சுமார் 250 மைல், நான்கு மணி நேரம். ஐ-16 பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை: இருபக்கமும் பைன் மரம், மறுபடியும் பைன் மரம். அப்பா ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "ஒரே படத்தத் திரும்பத் திரும்ப ஓட்டுறான்" என்று சொல்லித் தூங்கிவிட்டார்.

ஒரு எச்சரிக்கை. மார்ச் 17-ஐ ஒட்டிய நாட்களில் போகாதீர்கள். புனித பேட்ரிக் திருநாள் ஊர்வலம் இங்கே 1824-இல் தொடங்கியது. நாட்டிலேயே பெரிய ஊர்வலங்களில் ஒன்று. அந்த நாட்களில் அறை வாடகை எங்கோ போய்விடும், ஊரும் நிம்மதியாக இருக்காது. நாங்கள் அதற்கு முந்தைய வாரம் போனது திட்டமிட்டு அல்ல, அதிர்ஷ்டம்.

சனிக்கிழமை காலை நடக்க ஆரம்பித்தோம். நடந்தோம் என்பதை விட உட்கார்ந்தோம் என்பதுதான் சரி. 1733 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஓகல்தார்ப் என்ற ஆங்கிலேயர் சுமார் நூறு பேருடன் குடியேற வந்து ஆற்றங்கரை மேட்டில் இறங்கி, ஊரை மனை மனையாகப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பேட்டைக்கும் நடுவில் ஒரு சதுக்கம். அதன் கிழக்கிலும் மேற்கிலும் தேவாலயம் மாதிரிப் பொதுக் கட்டடங்கள், வடக்கிலும் தெற்கிலும் வீடுகள். ஊர் வளர வளர இதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். மொத்தம் 24 சதுக்கங்கள், இன்று மிச்சம் 22. நம் பக்கம் கோயிலை நடுவில் வைத்து நாலு வீதி போடுவோம். இங்கே நடுவில் இருப்பது ஓக் மரமும் நிழலும் பெஞ்சும்தான். ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சரியாக ஒரு முட்டிவலி தூரம்.

காரை நாங்கள் விட்டது எல்லிஸ் சதுக்கத்துக்கு அடியில் இருக்கும் பார்க்கிங்கில். அந்த இடத்துக்கும் ஒரு கதை உண்டு. அங்கே இருந்த பழைய சந்தைக் கட்டடத்தை 1954-இல் இடித்துவிட்டு, பல மாடிப் பார்க்கிங் கட்டினார்கள். அடுத்து ஒரு பழைய வீட்டுக்கும் அதே கதி வரப் போகிறது என்றதும் ஏழு பெண்கள் சேர்ந்து 1955-இல் ஒரு அறக்கட்டளை தொடங்கி அந்த வீட்டைக் காப்பாற்றினார்கள். இன்று நாம் பார்க்கிற பழைய சவானாவில் பெரும்பகுதி அப்படிப் பிழைத்ததுதான். சதுக்கத்தின் மேலிருந்த பார்க்கிங் கட்டடத்தை வெகு காலம் கழித்து இடித்து, கார்களைப் பூமிக்கு அடியில் தள்ளி, 2010-இல் சதுக்கத்தை மீட்டுவிட்டார்கள்.

ஓக் மரங்களிலிருந்து சாம்பல் நிறச் சடை தொங்குகிறது. ஸ்பானிஷ் மாஸ் என்று பெயர், ஆனால் அது ஸ்பெயினில் இருந்து வந்ததும் இல்லை, பாசியும் இல்லை. அன்னாசிக் குடும்பம். மரத்தை உறிஞ்சுவதில்லை, காற்றிலும் மழையிலும் கிடைப்பதை வைத்தே பிழைக்கிறது. அப்பா நம்பவில்லை. "புல்லுருவி மாதிரி இருக்கு, மரம் சாகத்தான் போவுது" என்றார். முந்நூறு வருடம் ஆகட்டும், பார்க்கலாம். என் மகள் கீழே கிடந்ததை எடுத்துச் சடை முடியாக வைத்துக்கொண்டாள். தரையில் கிடக்கும் சடையில் கடிக்கிற பூச்சி இருக்கும் என்று பக்கத்து பெஞ்சில் இருந்த அம்மாள் சொன்ன பிறகு, அரை மணி நேரம் அவள் தலையைச் சோதித்தோம்.

ரைட் சதுக்கத்தில் அப்பாவுக்குக் கோபம் வந்தது. ஓகல்தார்ப்புக்கு இடம் கொடுத்து, கடைசி வரை நட்பாக இருந்தவர் யாமக்ரா என்ற பூர்வகுடி இனத்தின் தலைவர் டோமோசிச்சி. அவர் 1739-இல் இறந்தபோது இந்தச் சதுக்கத்தின் நடுவில்தான் அடக்கம் செய்தார்கள். 1883-இல் அதே இடத்தில் ரயில்வே முதலாளி ஒருவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பிவிட்டார்கள். பிறகு மனசு கேட்காமல் 1899-இல் ஓரமாக ஒரு கருங்கல் பாறையை வைத்து டோமோசிச்சி பெயரைப் பதித்தார்கள். பாறையை வைக்க முன்னின்றது அந்த முதலாளியின் குடும்பத்துப் பெண்களேதான். "எடம் குடுத்தவனுக்குக் கல்லு, வந்தவனுக்குக் கோபுரமா?" என்றார் அப்பா. அந்தப் பாறைக்கு எதிரில் இருந்த பெஞ்சில்தான் உட்காருவேன் என்று பிடிவாதம் வேறு.

மதியச் சாப்பாடு பற்றிச் சொல்லியாக வேண்டும். கிரிட்ஸ் என்பது சோள ரவையைக் கஞ்சியாகக் கிண்டுவது, மேலே இறால். எனக்குப் பிடிக்கும். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மோர் கேட்டார். ஆனால் வெண்டைக்காய் பொரியல் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சோள மாவில் புரட்டிப் பொரித்தது. அப்புறம் ரெட் ரைஸ், சத்தியமாகத் தக்காளி சாதம். காராமணி போட்ட சோறு ஒன்று, அதற்கு ஹாப்பின் ஜான் என்று பெயர். கூடவே கீரை. வெண்டைக்காயும் காராமணியும் ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைக் கப்பல்களின் வழியே இந்தக் கரைக்கு வந்தவை. கல்லா கீச்சி என்று சொல்லப்படும் கடற்கரைக் கறுப்பின மக்களின் சமையல் இது. சைவக்காரர்கள் கவனிக்க: கீரை, சோறு இரண்டிலும் பன்றிக்கொழுப்போ இறைச்சித் துண்டோ இருக்க வாய்ப்பு அதிகம், கேட்டுவிட்டு வாங்குங்கள். டீ என்றால் ஐஸ் போட்ட பாகு. சூடாகக் கேட்டால் வெந்நீரும் ஒரு பையும் தனித்தனியாக வரும், நாமே கலந்துகொள்ள வேண்டும்.

மேடிசன் சதுக்கத்தின் ஓரத்தில் இரும்புப் பின்னல் தாழ்வாரம் வைத்த ஒரு வீடு இருக்கிறது, கிரீன் மெல்ட்ரிம் மாளிகை. உள்நாட்டுப் போரில் அட்லாண்டாவில் இருந்து எரித்துக்கொண்டே வந்த வடக்குத் தளபதி ஷெர்மன், 1864 டிசம்பரில் சவானாவைப் பிடித்து, இதை உங்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தருகிறேன் என்று லிங்கனுக்குத் தந்தி அடித்தார். அவர் தங்கியது இந்த வீட்டில். அடுத்த மாதம், 1865 ஜனவரி 12 இரவு, கறுப்பினப் பாதிரியார்கள் 20 பேரை இங்கே கூப்பிட்டுப் பேசினார்கள். உங்கள் மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, கேரிசன் ஃப்ரேசியர் என்ற முதியவர் எல்லாருக்குமாகப் பதில் சொன்னார்: நிலம் வேண்டும், உழுது நாங்களே பிழைத்துக்கொள்வோம். நான்கே நாளில் ஷெர்மனின் உத்தரவு வந்தது. கடற்கரைத் தீவுகளும், ஆற்றோரம் கைவிடப்பட்ட நெல் வயல்களும் விடுதலையானவர்களுக்கு. ஒரு குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை.

அப்பா மனக்கணக்குப் போட்டார். "நாப்பது ஏக்கர்னா ஆறு வேலி." தஞ்சாவூர்க்காரருக்கு வேலிக்கணக்கில்தான் நிலம் புரியும். "பட்டா குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கப்பா. லிங்கன் செத்ததும், அடுத்து வந்த ஜான்சன் அதே வருஷம் பழைய முதலாளிங்ககிட்ட திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டார்."

அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "இங்க நெல்லு வெளைஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியால்தான் ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் மாறியது. டைபீ தீவுக் கடற்கரைக்குப் போவதாக இருந்தோம். போகவில்லை.

அதற்கு முன் சனிக்கிழமை மாலையை முடித்துவிடுகிறேன். ஓவன்ஸ் தாமஸ் வீட்டைப் பார்த்தோம். 1819-இல் கட்டி முடித்த மாளிகை. மாடிக்குத் தண்ணீர்க் குழாய் எல்லாம் அப்போதே வைத்திருக்கிறார்கள். மாடிப்படி ஏற முடியாது என்று அப்பா கொல்லைப்புறத்தில் அடிமைகள் குடியிருந்த கட்டடத்தோடு நின்றுவிட்டார். மேற்கூரையில் மங்கிய நீலம். பேய் வராமல் இருக்க அடிக்கிற நீலமாம். அவுரிச் சாயம், சுண்ணாம்பு, மோர் கலந்தது. "நம்மளும் சுண்ணாம்புல நீலம் போடுவோம்ல" என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று இரவு பிண ஊர்தியை வெட்டிச் சீட் போட்டுப் பேய் உலா நடத்தும் வண்டி ஒன்று எங்களைக் கடந்து போனபோது, "பேயை வெரட்ட நீலம் அடிச்ச ஊர்ல, பேயப் பாக்க டிக்கெட்டா?" என்று சிரித்தார்.

ஆற்றங்கரை வீதிக்கு இறங்கும் கல் படிகள் மோசமானவை. உங்கள் சொந்தப் பொறுப்பில் இறங்கவும் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். நான் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா பாதி இறங்கிவிட்டார், மீதி பாதிக்கு இருபது நிமிடம் ஆனது. கீழே தரையில் பாவியிருப்பது கப்பல்கள் எடைக்காக ஏற்றி வந்து இங்கே கொட்டிய கற்கள். பழைய பருத்திக் கிடங்குகள் எல்லாம் இப்போது மிட்டாய்க் கடைகள். பீக்கன் கொட்டையைச் சர்க்கரையில் புரட்டிய ப்ராலின் மிட்டாயைச் சூடாக, சும்மாவே கையில் தருகிறார்கள். நம் கடலை மிட்டாய்க்குப் பணக்கார உறவு. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் ஒரு கட்டடம் நகர்ந்தது. பார்த்தால் கன்டெய்னர் கப்பல், எங்களுக்கும் அதற்கும் நடுவே ஆறு இருப்பதே தெரியாத அளவுக்கு அத்தனை பக்கத்தில். ஆற்றைக் கடக்க இலவசப் படகு விடுகிறார்கள். அதில் போய் வந்தோம், மகளுக்காக இரண்டாவது முறையும்.

ஞாயிறு காலை, பெரிய பாலத்தைத் தாண்டி தென் கரோலினா எல்லைக்குள் போனோம். நகரத்திலிருந்து கால் மணி நேரம்தான். சவானா தேசிய வனவிலங்குப் புகலிடம், 1927-இல் தொடங்கியது. அதற்குள் லாரல் ஹில் என்று நாலு மைல் சரளைச் சாலை, ஒருவழிப் பாதை. காரில் இருந்தபடியே பார்க்கலாம். இரண்டு பக்கமும் தண்ணீர், கொக்கு, நீர்க்கோழி, கரையில் கட்டை மாதிரி முதலை.

அப்பா முதலையைப் பார்க்கவில்லை. "வண்டிய நிறுத்து தம்பி" என்றார்.

இறங்கி, சாலை ஓரத்தில் இருந்த ஒரு மரச் சட்டத்தின் பக்கம் போனார். ஏற்றி இறக்குகிற பலகை, அடியில் கரைக்குக் குறுக்கே பதித்த நீளமான மரப் பெட்டி. "இது மதகுடா." அப்புறம் சுற்றிலும் பார்த்தார். "இது வரப்பு. நாம வண்டி ஓட்டிக்கிட்டு வந்ததே வரப்பு மேலதான்."

அத்தனையும் பழைய நெல் வயல்கள். சதுப்புக் காட்டை வெட்டி, மண்வெட்டியும் கையுமாக இந்தக் கரைகளை எழுப்பியவர்கள் அடிமைகள். மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் நாடுகளிலிருந்து பிடித்து வந்தவர்களுக்கு இங்கே அதிக விலை. அவர்களுக்கு நெல் தெரியும், முதலாளிகளுக்குத் தெரியாது. மதகுக்கு இங்கே ட்ரங்க் என்று பெயர். ("ட்ரங்குப் பெட்டியா?" "அதேதாம்ப்பா.") கடல் ஏறும்போது ஆற்றின் நன்னீர் மேலே தள்ளப்பட்டு மட்டம் உயரும். வெளிக் கதவைத் தூக்கினால் தண்ணீர் வயலுக்குள் வரும், கடல் இறங்கும்போது உள் கதவு தானே சாத்திக்கொள்ளும். வடிக்க வேண்டுமென்றால் இதையே திருப்பிச் செய்வார்கள். இங்கே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஏழு அடி வித்தியாசம். இன்றும் பறவைகளுக்காக அதே முறையில் நீர் பாய்ச்சுகிறார்கள்.

அப்பா பலகையைத் தட்டிப் பார்த்தார். "ஜூன் பன்னெண்டு மேட்டூர் தெறப்பானான்னு பேப்பரப் பாக்க வேணாம். நெலாவே தெனம் ரெண்டு தடவ தெறந்து வுடுது." அவர் அதைச் சொன்னபோது குரலில் பொறாமையே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இந்தத் தண்ணில நாள் பூரா நின்னவனுக்குத்தான் அந்த ஆறு வேலியா?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா."

1859 மார்ச்சில், இதே போன்ற ஒரு வாரத்தில், ஊருக்கு வெளியே குதிரைப் பந்தயத் திடலில் இரண்டு நாள் ஏலம் நடந்தது. பட்லர் என்ற முதலாளி கடனை அடைப்பதற்காகத் தன் நெல், பருத்திப் பண்ணைகளில் இருந்து 400-க்கும் மேற்பட்டவர்களை விற்றார். இரண்டு நாளும் மழை. அழுகைக் காலம் என்று அதற்குப் பெயர். அப்பாவிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்து, அங்கே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஐ-16-இல் சொன்னேன்.

நாலு மைல் முடிந்து, சாலை மறுபடியும் நெடுஞ்சாலையில் கொண்டு போய் விட்டது. மணி பதினொன்று. வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம், மகளுக்கு மறுநாள் பள்ளிக்கூடம். நான் பாலத்தின் பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டேன்.

"இன்னொரு சுத்து போவலாமா?" என்றார் அப்பா. முட்டிவலி பற்றிப் பேச்சே இல்லை.

மனைவி பின்சீட்டில் இருந்து, "திருப்புங்க" என்றாள்.