அம்மாவின் கைமுறுக்கும் எட்டு வார வகுப்பும்

அம்மாவுக்கு அல்சைமர் எனும் மறதிநோய் என்று மருத்துவர் உறுதிசெய்ததும் நான் செய்த முதல் காரியம், அவரைச் சமையலறைக்குள் விடாமல் தடுத்ததுதான். பால் பாத்திரம் இரண்டு முறை தீய்ந்திருந்தது; ஒருமுறை அடுப்பு பற்றவைக்கப்படாமலே காஸ் திறந்து கிடந்தது. கூடத்து நாற்காலியில் உட்காரவைத்த பிறகு, அவர் பகல் முழுவதும் புடவைத் தலைப்பின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

முதியோர் உதவி எண்ணான 14567-ஐ அழைத்துப் பகல்நேரப் பராமரிப்பு மையங்களைப் பற்றி விசாரித்தேன். அதன் வழியாகத்தான், நோயாளியும் அவரைப் பார்த்துக்கொள்பவரும் சேர்ந்தே வரவேண்டிய ஒரு சமையல் வகுப்பு சென்னையில், எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத் தொலைவில், வாரம் ஒரு நாளாக எட்டு வாரங்களுக்கு நடப்பது தெரியவந்தது. சேர்ப்பதற்கு முன் அங்கிருந்த தெரபிஸ்ட், சர்க்கரை உண்டா, விழுங்கும்போது புரையேறுகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாக, "அம்மா கையில எந்தப் பலகாரம் நல்லா வரும்?" என்றார். கைமுறுக்கு என்றேன்.

வகுப்பில் ஆறு குடும்பங்கள். காஸ் அடுப்புக்குப் பதில் இண்டக்‌ஷன் அடுப்பு. ஒவ்வொருவர் முன்னும் ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு வேலை. வெள்ளைத் தட்டில் தேங்காய்த் துருவல் நோயாளிகளின் கண்ணுக்குச் சரியாகத் தட்டுப்படாது என்பதால் நீலத் தட்டுகளை வைத்திருந்தார்கள். முதல் நாள் பூண்டு உரிக்கக் கொடுத்தபோது, "இது என்னன்னு ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டேன். அம்மா பூண்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை மடியில் ஒடுக்கிக்கொண்டார். தெரபிஸ்ட் என்னைத் தனியே அழைத்து, அது கேள்வி அல்ல, பரீட்சை என்றார். பேசாமல் நான் ஒரு பல்லை உரித்தால் அவரும் உரிப்பார் என்றார். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பள்ளியில் கேள்வி கேட்டே பிழைத்தவளுக்கு இது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அம்மா உரித்தார்.

மூன்றாம் வாரம் நான் கைப்பேசியைப் பார்த்த இடைவெளியில் உப்புமாவில் இரண்டாம் முறையும் உப்பு விழுந்துவிட்டது. தயிரை ஊற்றிப் பிசைந்து எல்லோரும் ஒருவாறு சாப்பிட்டோம். அடுத்த வாரம் முதல், அளந்த உப்பைச் சிறு கிண்ணத்தில் வைத்துவிட்டு ஜாடியை அப்புறப்படுத்தினார்கள்.

ஐந்தாம் வாரம், ஈரத்துணி விரித்து, அரிசி மாவும் உளுத்தமாவும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்த உருண்டையை அம்மாவின் கையில் வைத்தார்கள். சற்று நேரம் அதை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தாமாகவே மாவை முறுக்கிப் பிரி பிரியாக இறக்கத் தொடங்கின. முதல் சுற்று, அதைத் தொட்டும் தொடாமலும் இரண்டாவது சுற்று, மூன்றாவது. மாவு காய்ந்தபோது யாரும் சொல்லாமலே விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டார். என் முறுக்கு அறுந்துபோனதைக் கண்டு, "இப்படியா சுத்துவா? தள்ளு" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் என்னைத் திட்டியது அன்றுதான். எண்ணெய்ச் சட்டியை மட்டும் மையத்தினர் பார்த்துக்கொண்டார்கள்.

இந்நோய் முதலில் தாக்குவது புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை. கைப்பழக்கமான வேலைகளோ மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்திருப்பதால் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கின்றன என்று தெரபிஸ்ட் விளக்கினார். நோய் இதனால் குறையாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். ஏழாம் வாரம் அம்மா ஆட்டோவை விட்டு இறங்கவே மறுத்து, அப்படியே வீடு திரும்பினோம்.

இப்போது வீட்டில் வேலை முடிந்ததும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுகிறேன். மாலையில் முருங்கைக்கீரைக் கட்டை நடுவில் போட்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து உருவுகிறோம். காம்பும் சேர்ந்தே விழுகிறது; அவர் தூங்கிய பிறகு பொறுக்கிக்கொள்கிறேன்.