மருந்துக்கு மசியாத காசநோய்: வீட்டாரைக் கண்காணிப்பதற்கான குறிப்புகள்

மார்ச் 3, 2025, திங்கள்
நோயாளியின் சளியில் உள்ள கிருமி, முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு மசியாது என்று ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை காட்டிய அன்றே வீட்டார் பட்டியலை எழுதிவிட வேண்டும். சிகிச்சைக்கு முந்தைய மூன்று மாதத்தில் ஒரே ஒரு இரவு அங்கே தங்கியவரும் அதில் உண்டு. தட்டு, டம்ளரைப் பிரித்து வைப்பதில்தான் பல வீடுகளில் மும்முரம். வீண் வேலை, கிருமி பரவுவது காற்றில். நோயாளிக்குத் தனி அறை, திறந்த ஜன்னல், சாதாரண மாஸ்க். கவனிப்பவருக்கு என்95.

வீட்டார் கைகளில் மாண்டூ ஊசியும் (காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறதா என்று காட்டும் தோல் சோதனை) இன்றே. 0.1 மி.லி. தோலுக்குள் போனால் 6 மி.மீ.க்குக் குறையாமல் வெளிறிய கொப்புளம் எழும். எழாவிட்டால் ஊசி ஆழமாகிவிட்டது. தள்ளி இன்னொரு இடத்தில் போட வேண்டும்.

மார்ச் 5, புதன்
ஊசி போட்ட இடத்தை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். சிவப்பை அளப்பதுதான் வழக்கமான பிழை. பால்பாயிண்ட் பேனாவை வெளியிலிருந்து உள்நோக்கி மெல்ல இழுத்தால் தடிப்பின் விளிம்பில் முட்டி நிற்கும். எதிர்ப்பக்கமும் அப்படியே. முன்கையின் குறுக்கே அந்த இரு கோடுகளுக்கு இடைப்பட்ட தூரமே அளவு. கூட வசிப்பவருக்குத் தொற்று உண்டு என்று கொள்ள 5 மி.மீ. போதும். எச்.ஐ.வி. உள்ளவருக்கும் மெலிந்த குழந்தைக்கும் தொற்று இருந்தும் தடிப்பு வராமல் போகலாம்.

மார்ச் 7, வெள்ளி
இருமல் இல்லாதவருக்கும் மார்பு எக்ஸ்ரே. குழந்தை என்றால் எடை ஏறுகிறதா, விளையாட்டில் சுணக்கமா என்று கேட்க வேண்டும்.

மார்ச் 12, புதன்
நோய் இல்லை என்று உறுதியானவருக்கு, நோய் வராமல் தடுக்க லீவோஃப்ளாக்சசின் மாத்திரை, தினமும், 6 மாதம். 2024-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. வியட்நாமிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த இரு ஆய்வுகளும் தனித்தனியே உறுதியான முடிவு தரவில்லை. தரவைச் சேர்த்தபோது நோய் ஏறக்குறைய 60% குறைந்தது. மாத்திரை எழுதுமுன் நோயாளியின் எதிர்ப்பு அறிக்கையைப் பார்ப்பது கட்டாயம். அவர் கிருமி ஃப்ளூரோகுயினலோனுக்கும் (லீவோஃப்ளாக்சசின் சேர்ந்த மருந்து வகை) மசியாதென்றால் இந்த மருந்தால் பயனில்லை.

மார்ச் 26, புதன்
இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து இரண்டுக்கும் லீவோஃப்ளாக்சசினுக்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும்; சேர்ந்தால் மருந்து உடலில் ஏறாது. குதிகால் தசைநாரில் வலி வந்தால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 16, புதன்
இடையில் இருமலோ காய்ச்சலோ வந்தால் உடனே சளிப் பரிசோதனை. தொற்று நோயாகவே மாறிய பிறகு ஒற்றை மருந்தால் தொட்டால் அந்த மருந்துக்கும் கிருமி எதிர்ப்பைப் பழகிவிடும். ஆறு மாதத்தோடு வீட்டாரின் கண்காணிப்பு அட்டையை மூடுவதில்லை: ஆபத்து அதிகமுள்ள முதல் இரண்டு ஆண்டும் அறிகுறி விசாரணை தொடரும்.