புல்லட் பிரைமரிக்கு மெல்லிய ஆயில்: செய்து பார்த்த அனுபவம்

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் இன்ஜின், கியர்பாக்ஸ், பிரைமரி (இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகும் செயினும் கிளட்சும் இருக்கும் இடப்பக்க அறை) மூன்றும் தனித்தனி அறைகள். பின்னால் வந்த யூசிஇ (எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருக்கும்) இன்ஜினில் மூன்றுக்கும் ஒரே ஆயில் என்பதால், பிரைமரிக்கு மட்டும் வேறு ஆயில் ஊற்றும் தேர்வே அந்த வண்டிக்காரர்களுக்குக் கிடையாது.

என் பழைய புல்லட் 350-இல் பிரைமரிக்குள் 20டபிள்யூ50 என்ற கெட்டியான ஆயில் இருந்தது. காலையில் கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்டால் வண்டி முன்னால் தவ்வும். சிக்னலில் நியூட்ரல் விழாது. கிளட்ச் கேபிளின் தளர்வு (ப்ளே) சரியாகவே இருந்தது. இன்ஜின் சூடானதும் தொல்லை பாதி குறைந்துவிடும். அதனால் ஆயிலின் கனத்தின் மேல்தான் சந்தேகம் வந்தது.

அந்த அறைக்குள் ஆயிலின் வேலை என்ன? இரட்டை வரிசைச் செயினை நனைக்க வேண்டும், உள்ளேயே இருக்கும் ஆல்டர்னேட்டரின் சூட்டை வாங்க வேண்டும். கிளட்ச் பிடித்ததும் பிளேட்டுகளைப் பிரிய விட வேண்டும், விட்டதும் வழுக்காமல் சேர விட வேண்டும். இன்ஜினுக்குள் இருக்கிற அளவு சூடோ, எரிந்த கரியோ இங்கே கிடையாது. அப்புறம் இவ்வளவு கெட்டியான ஆயில் எதற்கு?

புல்லட்காரர்கள் பலர் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கான மெல்லிய ஆயில்) ஊற்றுவார்கள். அதில் டைப் எஃப் என்பது வழுக்கலைக் கூட்டும் மருந்து சேர்க்காதது, கிளட்சுக்கு நல்லது. ஆனால் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பது டெக்ஸ்ரான் வகைதான். அதில் அந்த மருந்து உண்டு, அதனால் எனக்கு மனம் வரவில்லை. ஜிஎல்-5 கியர் ஆயிலும் வேண்டாம், கார் ஆயிலும் வேண்டாம். கடைசியில் எடுத்தது 20டபிள்யூ50-ஐ விட மெல்லிய 10டபிள்யூ30 பைக் ஆயில், டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தர அமைப்பு) எம்ஏ2 என்று போட்டது. ஆயிலில் ஊறும் கிளட்சுக்கென்றே சோதித்துத் தரும் தரம் அது. எம்பி என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். அது கிளட்ச் ஆயிலில் ஊறாத ஸ்கூட்டர்களுக்கானது.

இடப்பக்க ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல் இரண்டையும் கழற்றி, அடியில் தட்டு வைத்து, பிரைமரி கவரின் நடு நட்டைத் தளர்த்தினால் பழைய ஆயில் இறங்கிவிடும். தட்டில் இரும்புத் தூள் மின்னுகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தேன், இல்லை. செயின் தொய்வைச் சரிசெய்தேன். சுற்றிப் பார்த்து, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் கால் அங்குல ஆட்டம் இருந்தால் போதும். கவரின் ரப்பர் சீல் உட்காரும் பள்ளத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, சீலைப் புதிதாகப் போட்டேன். மெல்லிய ஆயில் சின்ன இடைவெளியிலும் கசிந்துவிடும். கசிவுக்குப் பயந்து நட்டை முரட்டுத்தனமாக இறுக்கினால் கவர் வளையும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, லெவல் ஸ்க்ரூ வழியாக ஆயில் சொட்டும் வரை ஊற்றினேன். சுமார் 420 மில்லி பிடிக்கும்.

காலையில் முதல் கியர் இப்போது சத்தமில்லாமல் விழுகிறது, நின்றபடியே நியூட்ரலும் கிடைக்கிறது. டாப் கியரில் மெதுவாகப் போய் மேட்டில் திராட்டிலை முழுக்கத் திறந்தும் பார்த்தேன். சத்தம் ஏறிய அளவுக்கு வேகமும் ஏறியது, ஸ்லிப் இல்லை. ஓரத்தில் லேசான ஈரம் தெரிகிறது, ஆனால் சொட்டவில்லை.

லெவலை இனி அடிக்கடி பார்க்கப் போகிறேன். குறைந்தால் சீல் கசிவு. ஊற்றாமலே ஏறினால் கிராங்க் ஆயில் சீல் தேய்ந்து இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது என்று அர்த்தம். அப்போது முதலில் அந்தச் சீலைத்தான் மாற்ற வேண்டும்.