சத்தம் போடாத வட்டு

எங்கள் வீட்டில் மடிக்கணினியை இயக்குவதும் அடுப்பில் சோற்றுப்பானை ஏற்றுவதும் ஒன்றுதான். ஏற்றிவிட்டுப் போய்விட வேண்டும், பக்கத்தில் நின்று பார்த்தால் வேகாது. நான் பொத்தானை அமுக்கிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி, கோழிகளைக் கூட்டில் அடைத்து, தேநீரும் குடித்துவிட்டு வந்தால் திரை அப்போதுதான் கடவுச்சொல் கேட்கும். ஒருநாள் மணிக்கூட்டை வைத்துப் பார்த்தேன். 4 நிமிடம் 10 வினாடி.

கனடாவிலிருந்து வந்துபோன சித்தப்பா விட்டுச்சென்ற திங்க்பேட் எக்ஸ்201 டேப்லெட் அது. 2010ஆம் ஆண்டுப் பிறவி. 12.1 அங்குலத் திரையின் கழுத்தைத் திருப்பி மடக்கினால் சிலேட்டாகிவிடும். எழுதும் பேனாவுக்குப் பற்றரி கிடையாது, திரையே அதற்கு மின்சாரம் ஊட்டுகிறது. கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, வரைபடம் கீற அதைவிட நல்ல பலகை வாய்க்காது. வயது போய்விட்டது என்பதற்காக எறிய மனம் வரவில்லை.

இன்னொரு வசதியும் இருந்தது. உள்ளே கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த வன்தட்டு ஓயாமல் கறகறவென்று அரைக்கும். அந்தச் சத்தம் கேட்கிறவரை மனைவி என்னை எந்த வேலைக்கும் கூப்பிடமாட்டாள்.

ஆனாலும் அந்த நாலு நிமிடம் பொறுக்காமல், வன்தட்டுக்குப் பதிலாகப் பூட்ட எஸ்எஸ்டி என்னும் சுழலாத சேமிப்பகம் ஒன்று வாங்க வவுனியாவுக்குப் போனேன். திரும்பும் வழியில் முறிகண்டியில் பஸ் நின்றது. பிள்ளையாரைக் கும்பிட்டு ஒரு பை கச்சானும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், கச்சான் பை எஸ்எஸ்டியைவிடப் பாரமாக இருந்தது. இதை மாமாவிடம் வாய்தவறிச் சொன்னதுதான் பிழை.

மாமா ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருப்பவர். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சிறிஞ்சால் நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர். அவரைப் பொறுத்தவரை இயந்திரம் என்றால் புகைக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்தவாவது வேண்டும். எஸ்எஸ்டியை வாங்கிக் காதருகே குலுக்கினார். தராசில் வைத்தார். கழற்றிய பின் பழையதையும் கொண்டுவந்து நிறுக்கச் சொன்னார். பழையது ஏறத்தாழ 100 கிராம், புதியது அதில் பாதிகூட இல்லை என்று பின்னர் தெரிந்தபோது அவர் முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது.

"தம்பி, உனக்கு வெறும் பெட்டியை விற்றுவிட்டார்கள்."

முழுப் பொய்யென்று சொல்ல முடியாது. மலிவான எஸ்எஸ்டி பலவற்றைத் திறந்தால், உள்ளே ஒரு சிறிய மின்பலகை ஓர் ஓரத்தில் கிடக்கும், மிச்சமெல்லாம் காற்று. ஆனால் அதை மாமாவிடம் ஒப்புக்கொள்ள நான் என்ன விசரனா? பழைய தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி, கணினி எழும்பும்போது கேட்கிற ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் ஒவ்வொன்றுக்கும் வாசிக்கும் முனை நகர்ந்து, இடம் சுற்றி வரும்வரை காத்து நிற்கிறது, புதியதில் எதுவும் அசைவதில்லை, மில்லிவினாடியில் பத்திலொரு பங்கிலேயே எடுத்துத் தந்துவிடும் என்று விளக்கினேன்.

"சுற்றாததெல்லாம் ஓர் இயந்திரமா?" என்றார்.

பழைய தட்டு 250 ஜிபி, புதியது 240 ஜிபி. அப்படியே பிரதி எடுக்க முடியாது, முதலில் பழையதின் பகிர்வை, அதாவது தட்டில் கோப்புகளுக்கென்று ஒதுக்கிய பகுதியைச் சுருக்க வேண்டும். சுருக்குவதற்கு இடம் வேண்டும். இடத்தையெல்லாம் சொந்தக்காரரின் சாமத்தியவீட்டு வீடியோக்கள் பிடித்திருந்தன. ஒரே விழா, மூன்று பிரதிகள். இரண்டை அழித்தேன். (எந்த வீட்டு விழா என்று இங்கே எழுதமாட்டேன், அவர்களும் இதை வாசிப்பார்கள்.)

மிஞ்சியது 150 ஜிபி. பிரதி எடுக்கப் புதியதை வெளியே கொழுவ இந்தக் கணினியில் இருப்பது வேகம் குறைந்த யூஎஸ்பி 2.0, எப்படியும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. 81 வீதத்தில் மின்சாரம் போனது. கணினியின் பற்றரி 15 நிமிடம் தாங்கியது, 93 வீதத்தில் அதுவும் கண்ணை மூடியது. மாமா இருட்டிலிருந்து, "சைக்கிள் நிற்கிறது, டைனமோவும் இருக்கிறது" என்றார். பகிடிக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றுவரை விளங்கவில்லை. இரவு பத்து மணிக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

காலையில் பூட்டும் வேலை. ஒரு திருகாணி, ஒரு மூடி, இழுத்தால் தட்டு வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். பழையதின் தடிப்பு 9.5 மில்லிமீற்றர், புதியது 7. ரப்பர் ஓரங்களை மாட்டிச் செருகினாலும் உள்ளே ஆடியது. இடைவெளியை நிரப்பும் சட்டம் பெட்டிக்குள் வரவில்லை. நான் வவுனியா பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாமா ஒரு பழைய சைக்கிள் ரியூப்பைக் கத்தரியால் வெட்டி இரண்டு துண்டாக மடித்து நீட்டினார். அச்சுக்கு வார்த்ததுபோல இருந்தது. அதில் ஒரு பக்கம் ஒட்டுப்போட்ட தழும்பும் உண்டு.

பொத்தானை அமுக்கினேன். மாமா குனிந்து விசைப்பலகையில் காதை வைத்தார்.

"மூச்சே இல்லை, தம்பி."

அவர் தலை திரையை மறைத்ததால் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்தபோது கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருந்தது. 24 வினாடி. இந்தக் கணினியில் தட்டை இணைக்கும் சாட்டா வழி நொடிக்கு 3 கிகாபிற்றுக்கு மேல் விடாது, எஸ்எஸ்டியின் முழு வேகமும் இங்கே வெளிவராது என்றேன். "கிரவல் வீதியில் புது லொறி," என்றார் மாமா. அவர் ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

அன்று பின்னேரம் சிலேட்டாக மடித்து வைத்து, அமைதியாக வரைபடம் கீறிக்கொண்டிருந்தேன். குசினியிலிருந்து குரல் வந்தது.

"சும்மாதானே இருக்கிறீர்கள்? ஒரு தேங்காய் வாங்கி வாருங்கள்."

பிறகு தீப்பெட்டி. பிறகு, முதல் தேங்காய் அழுகல் என்று இன்னொரு தேங்காய். மூன்றாம் முறை கடைக்குப் போனபோது மாமா, "சத்தம் ஏதும் வந்ததா?" என்று விசாரித்தார்.

இப்போது பழைய தட்டை யூஎஸ்பி வயரில் கொழுவி மேசையில் வைத்திருக்கிறேன். காப்புப் பிரதி எடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். நாலாவது நாளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.