முற்றுகையில் மாட்டிக்கொண்ட என் கதை

சிரிப்புக் கதை எழுதுவது சுலபம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இடைக்காலக் கோட்டை ஒன்று, அதற்குள் ஒரு ராணி, வெளியே எதிரிப் படை, ராணியிடம் ஒரு டிராகன். இதற்கு மேல் என்ன வேண்டும்? இரண்டே வாரத்தில் நாற்பது பக்கம் எழுதிவிட்டேன். எழுதும்போதே இரண்டு மூன்று இடங்களில் எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நல்ல சகுனம் என்று வேறு நம்பினேன்.

முதலில் ஒரு தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். முடித்துவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்த டிராகன் என்ன சாப்பிடும்?"

"எதுக்குக் கேட்கிறாய்?"

"கோட்டைக் கதவை மூடி மூன்று மாதம் ஆச்சு என்று எழுதியிருக்கிறாயே. உள்ளே மனுஷருக்கே சாப்பாடு திண்டாட்டம். அதுக்கு யார் தீனி போடுவது?"

நாற்பது பக்கத்தில் அவள் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து திருப்பிப் படித்தேன். எதிரி ஏணி வைத்தால் டிராகன் நெருப்பைக் கக்கும். எதிரி சுரங்கம் தோண்டினாலும் டிராகன் நெருப்பைக் கக்கும். ராணிக்கு மதில் மேல் நின்று வசனம் பேசுவதைத் தவிர வேறு வேலையே இல்லை. சதுரங்கத்தில் நாம் மந்திரி என்றும் ராணி என்றும் சொல்கிற காய் இருக்கிறதே, இடைக்காலத்தில் அது மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் நகரும். பலகை முழுக்க ஓடும் பலம் அதற்கு வந்தது 15ஆம் நூற்றாண்டின் கடைசியில். நான் எழுதி வைத்திருந்தது அந்தப் பழைய ஒரு கட்டத்து ராணியைத்தான்.

சரி, உண்மையில் முற்றுகை என்றால் என்ன நடக்கும் என்று பார்ப்போமே என்று வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தேன். ஒரு வாரம் என்று நினைத்தது இரண்டு மாதம் இழுத்தது. படிக்கப் படிக்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்த நகைச்சுவையைவிட நிஜம் பல மடங்கு முன்னால் இருந்தது.

1338இல் ஸ்காட்லாந்தின் டன்பார் கோட்டையை ஆங்கிலேயப் படை வளைத்தது. கோட்டைத் தலைவர் ஊரில் இல்லை. உள்ளே இருந்தது அவர் மனைவி, 'பிளாக் ஆக்னஸ்' என்று பெயர் எடுத்தவர். எதிரி கல்லெறிந்து ஓய்ந்ததும், பணிப்பெண்களை நன்றாக உடுத்திக்கொண்டு மதில் மேல் போகச் சொல்லி, கல் பட்ட இடங்களைக் கைக்குட்டையால் தூசி தட்ட வைத்தாராம். அவருடைய சகோதரரைப் பிடித்துவந்து, சரணடையாவிட்டால் தூக்கில் போடுவோம் என்று மிரட்டியபோது, "போடுங்கள், அவன் சொத்து எனக்குத்தான் வரும்" என்கிற மாதிரி பதில் சொன்னாராம். சகோதரர் பிழைத்துவிட்டார். ஐந்து மாதம் வளைத்துப் பார்த்துவிட்டு, படை வந்த வழியே திரும்பிவிட்டது.

1304இல் அதே ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டை. உள்ளே இருந்தவர்கள் சரணடைய வருகிறார்கள். வளைத்து நின்ற இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் மன்னர் ஒப்புக்கொள்ளவில்லை. 'போர் ஓநாய்' என்று பெயர் வைத்து ஒரு ராட்சதக் கவண் பொறியைச் செய்ய வைத்திருந்தார். அதை ஒரு தடவையாவது எறிந்து பார்க்காமல் போருக்கு முடிவு கிடையாது, போய் உள்ளே இருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் "ரொம்ப ஓவர்" என்று அடித்திருப்பார்கள்.

இங்கிலாந்தின் ரோசெஸ்டர் கோட்டைக்கு அடியில் 1215இல் சுரங்கம் தோண்டிய ஜான் மன்னர், அதைத் தாங்கிய மரக்கால்களைக் கொழுப்பு ஊற்றி எரிக்க 40 பன்றிகள் அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டார். நன்றாகக் கொழுத்திருக்க வேண்டும், ஆனால் சாப்பிட லாயக்கில்லாததாகப் பார்த்து அனுப்பவும் என்று அதிலேயே குறிப்பு. கோபுரத்தின் ஒரு மூலை சரிந்து விழுந்தது. என்னைப் பிடித்து உட்கார வைத்தது கோபுரம் இல்லை, அந்தக் குறிப்புதான். கோட்டையைத் தகர்க்கும் அவசரத்திலும் நல்ல கறி வீணாகிவிடக் கூடாது என்று கவலைப்பட்டிருக்கிறார்கள்!

அங்கேதான் என் கதைக்கு வழி கிடைத்தது. முற்றுகையை நடத்துவது வாள் இல்லை, பண்டகசாலைக் கணக்கு. முதல் பிரதியில் ஏழு இடத்தில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றியிருந்தேன். அந்தக் காலத்தில் எண்ணெய் விலை கூடிய சரக்கு. மதிலிலிருந்து பெரும்பாலும் விழுந்தது கல்லும் சுடுதண்ணீரும் காய்ச்சிய மணலும்தான். ஏழையும் வெட்டிவிட்டுப் பண்டகசாலைக்கு ஒரு கிழவரை நியமித்தேன்.

"எண்ணெயை ஊற்றுங்கள்!" என்றாள் ராணி.

"எந்தக் கணக்கில் எழுதட்டும், மகாராணி?" என்றார் கிழவர்.

இந்த இரண்டு வரிக்கு அப்புறம் கதை தானாக நடக்க ஆரம்பித்தது. ராணியின் பேச்சும் மாறியது. முதல் பிரதியில் மூச்சுக்கு மூச்சு "யாரங்கே!" என்பாள், நாலு பேர் ஓடி வருவார்கள். இரண்டாவது பிரதியில் "யாரங்கே!" என்று கூப்பிட்டால் யாரும் வருவதில்லை, எல்லோரும் மதிலில் நிற்கிறார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே எழுந்துபோய் தண்ணீர் மொண்டு குடிக்கிறாள்.

முடிவுதான் படாதபாடு படுத்தியது. மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தேன். கடைசியில் அதற்கும் ஸ்டர்லிங்தான் கைகொடுத்தது. இத்தனாம் தேதிக்குள் உதவிப் படை வராவிட்டால் கோட்டையைச் சண்டையில்லாமல் ஒப்படைக்கிறோம் என்று ஒப்பந்தம் போடுகிற வழக்கம் அப்போது உண்டு. 1314 ஜூன் 24க்குள் என்று கெடு வைத்து அதே கோட்டையில் போட்ட ஒப்பந்தம்தான் ஆங்கிலேயருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் நடந்த பானக்பர்ன் போரில் போய் முடிந்தது.

என் கோட்டையில் அறுபத்திரண்டு ஆடுகள். டிராகனுக்கு நாளைக்கு இரண்டு. கிழவர் முப்பத்தொரு நாள் என்று கணக்குச் சொன்னதும் ராணி முப்பது நாள் கெடு கேட்கிறாள். "கோட்டையும் அதிலுள்ள சகலமும்" என்று எழுதி இரண்டு தரப்பும் முத்திரை வைத்த பிறகு, ஒப்படைக்கும் பொருள்களின் பட்டியலை எதிரித் தளபதிக்கு அனுப்புகிறாள். கால்நடைகள் என்ற தலைப்பின் கீழ் இரண்டே வரி: ஆடு இரண்டு, டிராகன் ஒன்று.

தளபதி கையைத் தேய்த்துக்கொள்கிறான். அவனுடைய கணக்குப்பிள்ளை மட்டும் விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறான். ராத்திரி முழுக்க எண்ணுகிறான். விடியும்போது கூடாரங்களைப் பிரிக்கும் சத்தம். "ஓடாதீர்கள், முத்திரை வைத்திருக்கிறீர்கள்!" என்று ஒப்பந்தத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மதில் மேல் ராணி கத்துகிறாள்.

முழுதாக ஐந்து மாதம் ஆகியிருந்தது, டன்பார் முற்றுகை அளவுக்கு. மறுபடி அதே தோழியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். எண்ணெய்க் கணக்கில் முகம் லேசாக இளகியது. தண்ணீர் மொண்டு குடிக்கிற இடத்தில் சத்தமாகவே சிரித்தாள். கால்நடைப் பட்டியல் வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் தாளை மறுபடி கையில் எடுத்து, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஆமாம், அந்த அறுபத்திரண்டு ஆட்டுக்கும் புல் எங்கேயிருந்து வந்தது?"