கொலை முயற்சி வழக்கில் ஜாமீன்: எங்கள் வீட்டு அனுபவம்

மேட்டூர் தண்ணீர் எங்கள் ஊர் வாய்க்காலுக்கு வந்த வாரம், மடை திறப்பதில் தகராறு. பக்கத்து வயல்காரருக்கு மண்வெட்டிக் காம்பால் தலையில் அடி. மூன்று பேர் மேல் வழக்கு. என் சித்தப்பா மகன் ஏ2, அதாவது இரண்டாவது குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டவன். பிரிவு, கொலை முயற்சிக்கான பாரதிய நியாய சன்ஹிதா 109, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 307. காயம் பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய பிரிவு என்பதால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜாமீன் கிடைப்பது அரிது. தஞ்சாவூர் அமர்வு நீதிமன்றத்தில்தான் மனு போட்டோம்.

"அவன் அடிக்கவே இல்லைங்க" என்று சித்தி வக்கீலிடம் சொல்லிச் சொல்லி அழுதார். "அதைக் கேஸ் நடக்கும்போது பேசலாம்மா. இப்ப நீதிபதி பார்க்கிறது வேற" என்றார் அவர். இவன் செய்ததாக எஃப்.ஐ.ஆரில் என்ன இருக்கிறது, காயம் எப்படிப்பட்டது, பழைய வழக்கு உண்டா, வெளியே விட்டால் தலைமறைவாவானா, சாட்சிகளை மிரட்டுவானா, இதெல்லாம்தான். குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் இருக்கிறதா என்பதற்கு மேல் அந்தக் கட்டத்தில் போக மாட்டார்கள்.

முதல் மனு தள்ளுபடி. அடிபட்டவர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், விசாரணை ஆரம்ப நிலையில் இருக்கிறது என்று அரசு வக்கீல் ஆட்சேபித்திருந்தார். தள்ளுபடி என்றதும் மனம் உடைந்துவிடும்தான். ஆனால் அந்த உத்தரவை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். எதற்காக மறுத்தார்களோ அது மாறியதும் மறுபடி மனு போடலாம். அடிபட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனார், காம்பை ஏ1-இடம் கைப்பற்றிவிட்டார்கள், முக்கிய சாட்சிகளிடம் வாக்குமூலமும் வாங்கியாயிற்று. இந்த மூன்றையும் காட்டிப் போட்ட இரண்டாவது மனுவில் ஜாமீன் கிடைத்தது. அங்கேயும் மறுத்திருந்தால் உயர் நீதிமன்றம் போயிருப்போம். தஞ்சை மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. திருவாரூர், நாகை என்றால் சென்னை.

இதற்கிடையில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் சமாதானம் பேச அடிபட்டவர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வக்கீல் கண்டிப்பாகத் தடுத்துவிட்டார். நல்ல மனதோடு போனாலும், சாட்சியைக் கலைக்கப் பார்த்தார்கள் என்று கோர்ட்டில் வந்து நிற்கும்.

90 நாள் கணக்கையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி வழக்கில் ரிமாண்ட் (கோர்ட் காவலில் வைக்க உத்தரவு) ஆனதிலிருந்து 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். எவ்வளவு பெரிய குற்றம் என்று சொல்லி மறுக்க முடியாது. ஆனால் தானாக விட மாட்டார்கள். குற்றப்பத்திரிகை வருவதற்குள் நாம் மனு போட்டிருக்க வேண்டும்.

உத்தரவு வந்த அன்றே ஆள் வெளியே வந்துவிடுவதில்லை. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். பாசமாகப் பேசிய பலர் அப்போது போனை எடுக்கவில்லை. கடைசியில் மாமா வந்தார், ஆனால் அவருடைய வீட்டு வரி ரசீது இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருந்தது. கோர்ட்டில் திருப்பிவிட்டார்கள். வேறு ஆளைத் தேடுவதற்குள் அன்றைய பொழுது போய்விட்டது. ரசீதிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று மனு நிலுவையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்பது நிபந்தனை. ஒருநாள் தவறினாலும் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனு போட அது போதும், காய்ச்சல் என்றால்கூட மருத்துவச் சீட்டோடு வக்கீலிடம் சொல்லிவிட வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலானதும், சம்பா அறுவடையைக் காரணம் காட்டி நிபந்தனைத் தளர்வு மனு போட்டோம். இப்போது வாரத்துக்கு ஒருநாள், திங்கட்கிழமை, போய்க் கையெழுத்துப் போடுகிறான்.