கல்லடியில் ஒரு கொரோலாவும் நான்கு பிளக்குகளும்

186,240 கிலோமீற்றர்

அப்பா வாங்கிய கொரோலா 121 இது. 2003ஆம் ஆண்டு வாகனம், 1.5 லீற்றர் 1என்இசட்-எஃப்ஈ எஞ்சின். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட நாள் முதல் இருப்பதைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்து, முடிந்த வேலைகளை நானே செய்து வருகிறேன்.

இரண்டு மாதமாக ஒரு நடுக்கம். காரை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டால் ஸ்டியரிங் மெல்ல அதிரும். ஏசியைப் போட்டுக்கொண்டு மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது ஒரு கணம் தயங்கிப் பிறகு இழுக்கும். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடிய வண்டி 10.6க்கு இறங்கிவிட்டது.

"இரிடியம் பிளக் நான்கு வாங்கிப் போடு மச்சான், எல்லாம் சரியாகிவிடும்" என்றான் மச்சான். எஞ்சினுக்குள் பொறி விட்டுப் பெற்றோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைத்தான் சொல்கிறான்; இரிடியம் அதன் முனையில் வைக்கும் உலோகம். பக்கத்து வளவு மாமா முப்பது வருடம் கராஜில் நின்றவர். அவர் சொன்னது வேறு: "பழையதைக் கழற்றிப் பார்க்காமல் புதியதற்குக் காசு கொடுக்காதே தம்பி." நான் மாமாவின் சொல்லைக் கேட்டேன்.

186,251 கிலோமீற்றர்

ஞாயிறு விடியற்காலை. எஞ்சின் இரவு முழுவதும் ஆறியிருந்தது. பிளக் திருகி நிற்கும் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் அலுமினியம், சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரை கிழிந்து வரக்கூடும். அதனால் இந்த வேலைக்கு விடியலே எனக்குப் பிடித்த நேரம்.

மேல் மூடியை எடுத்தால் பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் கொயில்கள் வரிசையாக நான்கு. ஒவ்வொன்றையும் ஒரு 10 மில்லிமீற்றர் போல்ட் பிடித்திருக்கிறது. வயர் முனையின் பிளாஸ்டிக் கொக்கிகள் இருபது வருட வெப்பத்தில் அப்பளம்போல் ஆகியிருக்கும். விரலால் மெதுவாக அழுத்தித்தான் எடுக்க வேண்டும். எங்கள் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம் என்பதால் பிளக் குழியைச் சுற்றிலும் பொடிமணல். பிளக்கைத் தளர்த்துவதற்கு முன்பே சைக்கிள் பம்பால் நான்கு குழிகளையும் ஊதினேன். இதைத் தவறவிட்டால் அந்த மணல் நேரே சிலிண்டருக்குள் விழும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

16 மில்லிமீற்றர் பிளக் சொக்கெட்டும் நீட்டுக் கம்பியும் கொண்டு நான்கையும் கழற்றி, எந்தக் குழியில் எது இருந்தது என்பது மாறாமல் பழைய முட்டைத் தட்டில் வரிசையாக நிறுத்தினேன். முதலில் கண்ணில் பட்டது குறியீடு. மூன்றில் பிகேஆர்6ஈ-11. முதலாவதில் மட்டும் பிகேஆர்6ஈ. முன்பு காரைப் பார்த்த இடத்தில் ஒன்றை மட்டும் தனியாக மாற்றியிருக்கிறார்கள்.

கடைக்காரர்களே பலர் இந்தக் குறியீட்டை முழுவதும் படிப்பதில்லை. என்ஜிகே கம்பனியின் பிளக்கில் 'பிகே' என்றால் 14 மில்லிமீற்றர் மரை, 16 மில்லிமீற்றர் அறுகோணம். 'ஆர்' என்றால் உள்ளே மின்தடை இருக்கிறது. அது இல்லாவிட்டால் ரேடியோ இரையும், எஞ்சினை ஆளும் கணினிக்கும் தொல்லை. 'ஈ' என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீற்றர். கடைசியில் வரும் 11, பொறி பாயும் இரு முனைகளுக்கு இடையில் 1.1 மில்லிமீற்றர் இடைவெளி. நடுவில் நிற்கும் எண்தான் எல்லாவற்றிலும் முக்கியம், அது வெப்ப எண். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடக்கூட பிளக் குளிர்ச்சியானது. பொஷ்ஷில் இது தலைகீழ். எண் கூடினால் சூடானது. கையேட்டைப் பார்க்காமல் ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறிவிடுகிறார்கள். என்ஜிகே 5க்கு டென்சோ 16, என்ஜிகே 6க்கு டென்சோ 20 என்பது கணக்கு.

எங்கள் எஞ்சினுக்குக் கையேடு சொல்வது பிகேஆர்5ஈவைஏ-11 அல்லது டென்சோ கே16ஆர்-யூ11. அதாவது 5. போடப்பட்டிருந்தது 6.

ஒரு எண் வித்தியாசத்தில் என்ன வந்துவிடும் என்று நானும் முன்பு நினைத்திருக்கிறேன். இரண்டாவது பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது விளங்கியது. நடுவிலுள்ள பீங்கான் மூக்கு முழுவதும் குப்பி விளக்குக் கண்ணாடியில் படிவது போன்ற உலர்ந்த கரி. விரலில் ஒட்டியது, நெய்ப்பு இல்லை. பிளக்கின் நுனி 450 பாகை செல்சியஸ் அளவைத் தொட்டால்தான் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். குளிர்ச்சியான பிளக்கின் பீங்கான் மூக்கு குட்டை. வெப்பத்தை உடனே ஹெட்டுக்குக் கடத்திவிடும். வேகமாக, நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு அது பாதுகாப்பு. எங்கள் கார் ஓடுவது கல்லடியிலிருந்து பாலம் கடந்து புளியந்தீவுக்கு; சில கிலோமீற்றர், பிறகு மாலைவரை வெயிலில் நிற்கும். எஞ்சின் சூடேறி முடிவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. அந்த ஓட்டத்தில் 6ஆம் எண் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வாய்ப்பே இல்லை. கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறி பாய வேண்டிய மின்சாரம் கரிவழியே ஒழுகிவிட, எஞ்சின் தடுமாறுகிறது.

இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தேன். இரண்டாவதில் இடைவெளி 1.3 மில்லிமீற்றர். நடுமுனையின் கூர்விளிம்பு தேய்ந்து உருண்டுபோயிருந்தது. தேயாமல் என்ன செய்யும்? எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1,000 தடவை பொறி விடுகிறது.

மூன்றாவது குழியில் இன்னொரு விடயம். கொயிலின் ரப்பர் உறை எண்ணெயில் ஊறி உப்பியிருந்தது. எஞ்சின் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் அடைப்பான டெப்பட் கவர் பெக்கிங் கசிகிறது. பிளக்கை மட்டும் மாற்றியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

நான்காவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில், இரும்பு உடலுக்குச் சற்று மேலே ஒரு பழுப்பு வளையம். கம்பிரஷன், அதாவது சிலிண்டரில் அமுக்கப்பட்ட வாயு, கசிகிறது என்றுதான் பலரும் சொல்வார்கள், மாமாவும் அப்படித்தான் சொன்னார். உண்மையில் உயர் மின்னழுத்தம் காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகள்களை இழுத்துப் பீங்கானில் ஒட்டவைப்பதால் வரும் கறை அது. அதனால் கெடுதி இல்லை.

அதே ஞாயிறு, காத்தான்குடி

முதல் கடையில் கிடைத்த பிளக்கின் பெட்டி அழகாகத்தான் இருந்தது. ஆனால் பிளக்கைக் கவிழ்த்ததும் வொஷர் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. நல்ல பிளக்கில் வொஷர் சுழலும், ஆனால் மரையைத் தாண்டி இலேசில் கழலாது. நடுமுனையும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது கடையில் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) பழைய பிளக்கை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்தைப் படித்தார். "இது உங்கள் வண்டிக்கு உரியது இல்லையே தம்பி" என்று அவரே சொன்னபோது எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. சாதாரண நிக்கல் முனை பிகேஆர்5ஈவைஏ-11உம் இருந்தது, ஏறத்தாழ நான்கு மடங்கு விலையில் டென்சோ ஐகே16 இரிடியமும் இருந்தது.

இரிடியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. உருகுநிலை 2,400 பாகைக்கு மேல். நிக்கல் 1,455 பாகையில் உருகிவிடும். அதனால்தான் நடுமுனையை 0.4 மில்லிமீற்றர் வரை மெல்லியதாகச் செய்ய முடிகிறது, பொறியும் குறைந்த மின்னழுத்தத்தில் பாய்கிறது. ஆனால் எல்லா இரிடியமும் ஓர் இலட்சம் கிலோமீற்றர் ஓடும் என்பது தவறான நம்பிக்கை. ஐகே வகையில் எதிர்முனை சாதாரண உலோகந்தான். கார்களுக்கு அதன் மாற்றும் காலம் சாதாரண பிளக்கைப் போலவே 20,000 கிலோமீற்றர் அளவு. எதிர்முனையிலும் பிளாட்டினம் பதித்த நீண்டகால வகைக்குத்தான் அந்த இலட்சக் கணக்கு. நான் நிக்கலையே எடுத்தேன். மிச்சப் பணத்தில் டெப்பட் கவர் பெக்கிங்கும் ஒரு கொயில் ரப்பரும் வாங்கினேன்.

மீண்டும் வீட்டில், 186,251 கிலோமீற்றர்

பெக்கிங்கை மாமா உடனிருந்து மாற்ற உதவினார். நான்கு பிளக்குகளின் இடைவெளியையும் அளந்தேன். மூன்று சரி, ஒன்று 1.0. எதிர்முனையை மட்டும் மெல்ல நிமிர்த்தி 1.1க்குக் கொண்டுவந்தேன். நடுமுனையைத் தொடவே கூடாது.

உப்புக்காற்றுக்கு மரையில் கிரீஸ் பூசச் சொன்னார் மாமா. அவர் காலத்து அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் பூசவில்லை. இந்தப் பிளக்குகளின் மரை ஏற்கெனவே முலாம் பூசப்பட்டது; கிரீஸ் பட்டால் அதே விசைக்குக் கூடுதலாக இறுகி மரை இழுபடும். சொக்கெட்டைக் கையாலேயே சுழற்றி வொஷர் தொடும்வரை இறக்கிவிட்டு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் 18 நியூட்டன் மீற்றருக்கு முறுக்கினேன். ரென்ச் இல்லாதவர்கள் புதிய பிளக்கை வொஷர் தொட்டபின் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்றுவரை இறுக்கலாம்.

சாவியைத் திருப்பினேன். ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அதிர்வு இல்லை.

186,905 கிலோமீற்றர்

லீற்றருக்கு 11.7. மூன்றாவதைக் கழற்றிப் பார்த்தேன். குழி உலர்ந்திருந்தது, ஆனால் மூக்கின் அடியில் இலேசான கரி இன்னும் படிகிறது. 5ஆம் எண் போட்டும் ஊருக்குள்ளேயே உருட்டினால் இப்படித்தான். பழைய வொஷர் ஏற்கெனவே நசுங்கியது என்பதால் திரும்பப் போடும்போது பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் இறுக்கவில்லை.

187,230 கிலோமீற்றர்

பதுளையில் ஒரு திருமண வீடு. செங்கலடியில் திரும்பி மகாஓயா, பிபிலை வழியாக ஏறிப் போய் மறுநாள் இறங்கினோம். ஏற்றத்தில் எங்கும் தயக்கம் இல்லை. வீடு வந்து எஞ்சின் ஆறியபின் அதே மூன்றாவது பிளக்கை வெளிச்சத்தில் பிடித்தேன். கரி முழுவதும் எரிந்து, பீங்கான் மூக்கு பனங்கட்டி நிறத்தில் இருந்தது. மதிலுக்கு மேலாக மாமாவிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் கழற்றிக் கழற்றிப் பார்க்காதே, இனி 20,000க்கு விடு" என்றார்.